வடிவதும் வற்றுவதும் வேறு: குறைதலைச் சொல்லும் தமிழ் வினைகள்

கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குச் செல்லும் படகுகள் நிறுத்தப்படும் நாள்களில் வெளிவரும் செய்திகளைத் தொடர்ந்து படித்து வருபவர்களுக்கு ஒரு விந்தை புலப்பட்டிருக்கும். ஒரே காலையில், ஒரே படகுத்துறையில் நடந்ததை ஒரு செய்தி 'கடல் உள்வாங்கியது' என்று எழுதும். இன்னொன்று 'கடல் பின்வாங்கியது' என்று எழுதும். மற்றொன்று 'கடல் வற்றியது' என்றும், வேறொன்று 'கடல் நீர்மட்டம் தாழ்ந்தது' என்றும் எழுதும். படிப்பவர் நான்கையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார். எழுதியவரும் அப்படித்தான் எண்ணியிருப்பார்: அகராதியில் இவை எல்லாவற்றுக்கும் 'குறைதல்' என்று ஒரு பொருள் போட்டிருக்கிறதே, எதை எழுதினால் என்ன?

இந்த எண்ணம் பரவலானது என்பதால்தான் இக்கட்டுரை. குறைவது, சுருங்குவது, மங்குவது, விலகுவது ஆகியவற்றைச் சொல்லத் தமிழில் உள்ள வினைச்சொற்கள் பல. அவை ஒன்றுக்கு ஒன்று மாற்றாக வைக்கப்பட்டவை என்று நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. பள்ளியில் மலையாளத்தையோ ஆங்கிலத்தையோ முதன்மையாகப் படித்துவிட்டுப் பின்னர் தமிழில் எழுத வருபவர்கள் விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் ஏராளம். அவர்களையும் மனத்தில் வைத்தே எளிய இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

அடுப்பங்கரையில் மூன்று பாத்திரங்கள்

சோறு வெந்ததும் பானையைச் சாய்த்துக் கஞ்சியை வடிக்கிறோம். கஞ்சி பானையிலிருந்து வெளியேறி வேறொரு பாத்திரத்துக்குப் போய்ச் சேருகிறது. பக்கத்து அடுப்பில் மீன்குழம்பு கொதிக்கிறது. அதை யாரும் சாய்க்கவில்லை, ஆனாலும் நீர் குறைகிறது. அது வற்றுகிறது. மூன்றாவது அடுப்பில் பால் நெடுநேரம் காய்ந்து, அளவில் குறைந்து, தடித்து, சுவை ஏறி நிற்கிறது. அது சுண்டுகிறது. மூன்று பாத்திரங்களிலும் நீர் குறைந்தது என்பது உண்மை. ஆனால் 'குறைந்தது' என்ற ஒரு சொல்லை வைத்து மூன்றையும் சொன்னால், சமைக்கத் தெரிந்த எவரும் 'எப்படி?' என்று திருப்பிக் கேட்பார்.

இப்போது அடுப்பங்கரையை விட்டு வெளியே வரலாம். வடகிழக்குப் பருவமழையில் குழித்துறைத் தாமிரபரணியோ பழையாறோ பெருகி, வாழைத் தோட்டங்களுக்குள் வெள்ளம் புகுந்துவிட்டால், இரண்டு நாள் கழித்து நாம் சொல்வது 'வெள்ளம் வடிந்தது' என்றுதான். வந்த நீர் வந்த வழியாகவோ வேறு வழியாகவோ ஓடிப்போய்விட்டது. அந்த இடத்துக்கு அது சொந்தமான நீர் இல்லை. கோடையில் குளத்துக்கு நேர்வது வேறு. குளத்து நீர் எங்கும் ஓடிப்போகவில்லை. வெயிலிலும் மண்ணிலுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போயிற்று. ஆகவே குளம் வற்றியது. 'வெள்ளம் வற்றியது' என்று எழுதினால், வாழைகளுக்கு நடுவே நீர் வாரக்கணக்கில் தேங்கிக் கிடந்து காய்ந்தது என்று பொருள்பட்டுவிடும். அந்தத் தோட்டக்காரருக்கு இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு போகம்.

அடிபட்ட காலில் 'வீக்கம் வடிந்தது' என்று சொல்வதும் இதே கணக்கில்தான். வீக்கம் உடம்பில் வந்து சேர்ந்த ஒன்று. அது விலகிப் போகிறது. மிளகாய் வற்றல் என்னும்போதோ மிளகாய்க்குள்ளேயே இருந்த ஈரம் போய்விட்டது. வந்தது வடியும், இருந்தது வற்றும் என்று தொடக்கத்தில் நினைவில் வைத்துக்கொள்வது பெரும்பாலான இடங்களில் கைகொடுக்கும்.

அணையைப் பற்றி எழுதுபவர்கள் மூன்றாவது வழி ஒன்றைப் பின்பற்றுகிறார்கள். பேச்சிப்பாறை அணையின் முழுக்கொள்ளளவு 48 அடி, பெருஞ்சாணியினுடையது 77 அடி என்ற அளவுகோலை வைத்துக்கொண்டு, நீர்மட்டம் எத்தனை அடிக்கு இறங்கியது அல்லது சரிந்தது என்று தினந்தோறும் சொல்கிறார்கள். இங்கே குறைவது நீரின் உயரம். நீர் பாசனத்துக்குப் போயிற்றா, வெயிலில் போயிற்றா என்பதை இந்த வினைகள் சொல்வதில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. நாகர்கோவிலுக்குக் குடிநீர் தரும் முக்கடல் அணையில் நீர் மிகவும் இறங்கிவிட்டால் 'மைனஸ்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். வினையே இல்லாமல் ஊரையே கவலைப்பட வைக்கும் சொல் அது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: வடிதல் நீர் வேறிடம் போவதைச் சொல்கிறது, வற்றுதல் இருந்த இடத்திலேயே இல்லாமல் போவதைச் சொல்கிறது, இறங்குதல், தாழ்தல், சரிதல் ஆகியவை ஓர் அளவுகோலின் மேல் நிகழ்வதைச் சொல்கின்றன.

வினைக்குள் ஒளிந்திருக்கும் மூன்று கேள்விகள்

மேற்கண்ட எடுத்துக்காட்டுகளிலிருந்து பொதுவான அமைப்பு ஒன்றை எடுக்கலாம். குறைதலைச் சொல்லும் ஒவ்வொரு தமிழ் வினையும் மூன்று கேள்விகளுக்கு முன்கூட்டியே விடை வைத்திருக்கிறது. குறைவது எது: அளவா, நீளமா, எண்ணிக்கையா, வலிமையா, ஒளியா? அது எவ்வாறு குறைகிறது: உராய்ந்தா, காய்ந்தா, ஓடிப்போயா, தனக்குள் மடங்கியா? கடைசியாக, பழைய நிலைக்குத் திரும்புமா?

'குறைதல்' என்ற சொல் இந்த மூன்றுக்கும் விடை சொல்லாமல் நழுவுகிறது. அதனால்தான் அது எங்கும் பொருந்துகிறது. அதனால்தான் அது எங்கும் போதாமலும் இருக்கிறது.

திரும்பி வருமா?

மூன்று கேள்விகளில் பலரும் மறந்துவிடுவது கடைசிக் கேள்வி. இதற்குத் தோவாளைப் பூச்சந்தையை விடச் சிறந்த பள்ளிக்கூடம் இல்லை. விடியலுக்கு முன்னரே வந்து இறங்கும் பிச்சிப்பூவும் மல்லிகையும் வெயில் ஏற ஏற வாடத் தொடங்குகின்றன. வாடிய பூவின் மேல் நீர் தெளித்தால் ஓரளவு தேறும். சூட்டில் மென்மையாகி மடிந்து போனால் அது வதங்கிய பூ, தேறுவது அரிது. இதழின் ஓரம் பழுப்பேறிவிட்டால் கருகிய பூ; அதற்கு மறுபிறவி இல்லை. தாமரையோ மாலையில் கூம்புகிறது. கூம்பிய தாமரைக்கு ஒரு குறையும் நேரவில்லை, காலையில் மறுபடி விரியும். இந்த நான்கையும் 'பூ வாடிவிட்டது' என்று ஒன்றாக எழுதுகிறவரிடம் எந்த வியாபாரியும் விலை பேச மாட்டார்.

இன்னும் தெளிவாகக் காட்டும் செடி ஒன்று சாலையோரங்களில் முளைத்துக் கிடக்கிறது. அதைத் தொட்டாற்சுருங்கி என்கிறோம். தொட்டாற்சிணுங்கி என்றும் சொல்கிறோம். மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், மலையாளத்தோடு பகிர்ந்துகொண்ட பெயராக, தொட்டாவாடி என்கிறார்கள். ஒரு செடியின் ஒரே அசைவுக்கு மூன்று வினைகள். இலைக்காம்பின் அடியில் சற்றுத் தடித்த முட்டு ஒன்று இருக்கிறது. தொட்டவுடன் அந்த முட்டின் ஒரு பக்கத்துச் செல்கள் விரைவாக நீரை வெளியே விட்டுத் தளர்கின்றன. அதனால் இலைகள் மடிகின்றன. சில நிமிடங்களில் நீர் திரும்பிச் சேர்ந்ததும் இலைகள் நிமிர்கின்றன. நீர் குறைவதால் நிகழ்வது என்பதைப் பார்த்தால் 'வாடி' என்பதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் வாடுதல் மெல்ல நிகழ்வது, கவனிப்பு இல்லாமல் மீளாதது; சுருங்குதல் சட்டென நிகழக்கூடியது, தானே மீளக்கூடியது. அசைவின் தன்மையைப் பிடித்திருக்கும் பெயர் தொட்டாற்சுருங்கி என்பது என் எண்ணம். தொட்டாற்சிணுங்கி என்ற பெயரை வைத்தவர் செடியைப் பார்க்கவில்லை, வீட்டில் இருந்த குழந்தையைப் பார்த்திருக்கிறார்.

குறுகுதல், சுருங்குதல், தேய்தல், அருகுதல்

அளவு சிறிதாவதைச் சொல்லும் வினைகள் அதிகக் குழப்பத்துக்கு உள்ளாகின்றன. ஒரு தெருவின் அகலம் குறைந்தால் தெரு குறுகியது. புதுத் துணி முதல் நனைப்பில் எல்லாப் பக்கமும் இழுத்துக்கொண்டால் துணி சுருங்கியது. குறுகுதல் நீளம், அகலம், கால அளவு போன்ற ஒரு திசை அளவுக்கு உரியது. சுருங்குதல் முழு உருவமும் தனக்குள் இழுத்துக்கொள்வதற்கு உரியது.

இது என் சொந்தக் கற்பனையோ என்று ஐயுறுபவர்கள் பள்ளி இலக்கணத்தை நினைவுகூரலாம். ஓர் எழுத்தை ஒலிக்க ஆகும் நேரத்துக்கு மாத்திரை என்று பெயர். ஒரு மாத்திரை ஒலிக்க வேண்டிய உகரம் சில இடங்களில் அரை மாத்திரையாக ஒலிப்பதைக் குற்றியலுகரம் என்றனர். ஐகாரமும் மகரமும் தம் அளவில் குறைவதை ஐகாரக் குறுக்கம், மகரக் குறுக்கம் என்றனர். குறைவது நேரத்தின் நீளம்; ஆகவே குறுகுதல். 'மகரச் சுருக்கம்' என்று எவரும் பெயரிடவில்லை. அதே இலக்கணத்தில், செயலை ஏற்கும் பொருள் இல்லாத வினையைச் 'செயப்படுபொருள் குன்றிய வினை' என்கிறோம். நிறைவாக இருக்கவேண்டியது நிறைவில்லாமல் இருக்கிறது என்பதால் அங்கே குன்றுதல். இலக்கண ஆசிரியர்கள் இந்த வினைகளைக் கைக்கு வந்தபடி எடுத்ததாகத் தெரியவில்லை.

தேய்தலுக்கு உராய்வு வேண்டும். சந்தனக்கட்டை தேய்கிறது, செருப்பு தேய்கிறது, அம்மி தேய்கிறது. ஒவ்வொன்றிலும் மேற்பரப்பு சிறிது சிறிதாகப் போகிறது, போனது ஒட்டாது. நிலவு தேய்கிறது என்கிறோமே, அதை எது உரசுகிறது என்று கேட்கலாம். எதுவும் உரசவில்லை. நிலவின் வெளிச்சப் பக்கத்தில் நமக்குத் தெரியும் பகுதிதான் ஏறத்தாழப் பதினைந்து நாள்களில் ஓரத்திலிருந்து குறைந்துகொண்டே வருகிறது. சித்திரை முழுநிலவன்று குமரிமுனையில் ஒரு பக்கம் கதிரவன் மறைவதையும் மறுபக்கம் நிலவு எழுவதையும் பார்த்துவிட்டுத் திரும்புபவர், அடுத்தடுத்த இரவுகளில் அந்த வட்டத்தின் விளிம்பு சீவினாற்போலக் குறைவதைக் கண்டால், 'தேய்பிறை' என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்க மாட்டார். வினை, நிகழ்வின் காரணத்தைச் சொல்லாமல் அதன் தோற்றத்தைச் சொல்லும் இடம் இது. இத்தகைய இடங்களும் உண்டு என்பதைத் தொடக்கத்திலேயே அறிந்துவைப்பது நல்லது.

எண்ணிக்கை குறைந்து அரிதாவதற்கு அருகுதல் என்ற சொல் இருக்கிறது. பனையேறுபவர்கள் அருகிவிட்டார்கள் என்றால், ஒவ்வொருவரும் மெலிந்துவிட்டார் என்று பொருளில்லை. ஓர் ஊரில் தேடினால் ஒருவரைக் கண்டுபிடிப்பது கடினம் என்று பொருள். 'அருகில்' என்றால் பக்கத்தில், 'அருகி' என்றால் அரிதாகி. புதிதாகத் தமிழ் கற்பவர் இந்த இடத்தில் தலையில் கைவைத்துக்கொண்டால் அது அவர் குற்றமில்லை.

காற்றும் வெளிச்சமும்

ஒளிக்கும் காற்றுக்கும் உரிய வினைகளை விரைவாகப் பார்க்கலாம். விளக்கு மங்கினால் இன்னும் எரிகிறது, அணைந்தால் எரியவில்லை, மறைந்தால் எரிகிறதா இல்லையா என்று தெரியாது, நம் கண்ணுக்கு மட்டும் இல்லை. கதிரவன் கடலில் மறைகிறது என்று சொல்வதும் அணைகிறது என்று சொல்லாததும் இதனால்தான்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் நிற்கும் காற்றாலைகளைப் பார்த்துத் தணிதலையும் ஓய்தலையும் கற்றுக்கொள்ளலாம். விசிறிகள் முன்பை விட மெதுவாகச் சுழன்றால் காற்று தணிந்திருக்கிறது. அசையாமல் நின்றால் காற்று ஓய்ந்திருக்கிறது. தணிதலில் மிச்சம் உண்டு. ஓய்தலில் மிச்சம் இல்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் இம்மாவட்டத்தில் ரப்பர் மரங்களையும் வாழைகளையும் சாய்த்துவிட்டுப் போன பிறகு, காற்று தணிந்தது என்று கேட்டவர் கதவைத் திறக்கத் தயங்கியிருப்பார். காற்று ஓய்ந்தது என்று கேட்டவர்தான் வெளியே வந்திருப்பார். வானிலை அறிக்கைகளில் வரும் 'வலுவிழந்தது' இவ்விரண்டுக்கும் பொதுவான, பாதுகாப்பான சொல்.

ஆக, குறைந்த பின்னும் எஞ்சுவது உண்டா என்பதை மங்குதலும் தணிதலும் 'உண்டு' என்றும், அணைதலும் ஓய்தலும் 'இல்லை' என்றும் சொல்கின்றன.

குளம் தானாகச் சுருங்குமா?

இதுவரை சொன்னவை சொல்தேர்வைப் பற்றியவை. இனி வருவதுதான் இக்கட்டுரையை எழுத என்னைத் தூண்டியது.

எழுவாய், அதாவது வாக்கியம் யாரைப் பற்றியதோ அந்தப் பெயர், தானே ஒன்றைச் செய்தால் அல்லது தனக்கு நேர்ந்தால் அந்த வினையைத் தன்வினை என்கிறோம். எழுவாய் பிறிதொன்றுக்கு அதை நேரச் செய்தால் பிறவினை. குறைதல் வினைகளில் இந்த மாற்றம் காதுக்கே தெரியும்படி நிகழ்கிறது: மெல்லின ஒலி வல்லினமாகிறது. துணி சுருங்கியது, துணியைச் சுருக்கினார். ஊர் அடங்கியது, ஊரை அடக்கினார். அவர் ஒடுங்கினார், அவரை ஒடுக்கினர். இறந்தகாலத்தில் 'ந்த' என்பது 'த்த' ஆகிறது: குறைந்தது, குறைத்தது, தணிந்தது, தணித்தது, தேய்ந்தது, தேய்த்தது, கரைந்தது, கரைத்தது, வடிந்தது, வடித்தது. வாடு என்பது வாட்டு ஆகிறது. எல்லாச் சொற்களும் இந்த வாய்பாட்டுக்குள் அடங்குவதில்லை. மங்கு என்பதிலிருந்து மக்கு என்று ஆக்கப் போனால், குப்பைக் கிடங்குக்குத்தான் போய்ச் சேர்வோம். அங்கே 'மங்கச் செய்' என்றுதான் சொல்லவேண்டும், வற்றுதலுக்கும் அப்படியே.

ஒரே ஓர் எழுத்து மென்மையாக இருப்பதா வன்மையாக இருப்பதா என்பதில் பொறுப்பு யாருடையது என்ற செய்தி அடங்கியிருக்கிறது. 'குமரி மாவட்டத்தில் குளங்கள் சுருங்கிவிட்டன' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் நீர் வற்றும். மழையில் மீண்டும் நிறையும். கரையோ தானே உள்ளே நகர்ந்து வராது. கரை உள்ளே வந்திருக்கிறது என்றால் யாரோ மண் கொட்டியிருக்கிறார்கள், யாரோ சுவர் எழுப்பியிருக்கிறார்கள், யாரோ அதைப் பார்த்தும் பேசாமல் இருந்திருக்கிறார்கள். 'குளங்கள் சுருங்கிவிட்டன' என்று எழுதும்போது அந்த யாரோக்கள் அனைவரும் வாக்கியத்திலிருந்து வெளியேறிவிடுகிறார்கள். குளம், தொட்டாற்சுருங்கியைப் போலத் தானே மடங்கிக்கொண்டதாகத் தோன்றுகிறது. 'குளங்களைச் சுருக்கிவிட்டார்கள்' என்று எழுதினால், 'யார்?' என்ற கேள்வி உடனே எழும். செய்தவர் பெயர் தெரியாவிட்டாலும் 'சுருக்கப்பட்டன' என்றாவது எழுதலாம். ஒரு கை இருந்தது என்பதையாவது அது ஒப்புக்கொள்கிறது.

பேருந்துத் தடம் 'குறைந்தது', ஊழியர் எண்ணிக்கை 'குறைந்தது', நெல்வயல் 'குறுகியது' என்றெல்லாம் வரும் வாக்கியங்களையும் இதே கண்ணோடு படித்துப் பார்க்கலாம். தன்வினை பொய் சொல்வதில்லை. ஆனால் பொறுப்பிலிருந்து நழுவ விரும்புகிறவருக்கு அதைப் போல வசதியான பின்கதவு வேறில்லை. இயற்கையாக நிகழ்வதற்குத் தன்வினையும், மனிதர் செய்ததற்குப் பிறவினையும் என்று பிரித்து எழுதுவதை நான் நடையழகைச் சேர்ந்ததாகக் கருதுவதில்லை. அது நேர்மையைச் சேர்ந்தது.

இங்கே ஒரு சிறு இணைப்பு. முதன்மை வினையை ஒட்டி வந்து அதன் போக்கைக் காட்டும் வினைக்குத் துணைவினை என்று பெயர். 'குறைந்து வருகிறது' என்றால், குறைதல் தொடங்கி இன்றுவரை நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. 'குறைந்துகொண்டே போகிறது' என்றால், இனியும் குறையும், நம் கையை விட்டு விலகுகிறது என்ற கவலை சேர்கிறது. 'குறைந்துவிட்டது' என்றால் முடிந்தது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை என்று சொல்லும்போது, தேய்ந்துகொண்டே போனதில்தான் அந்தப் பழமொழியின் சிரிப்பு இருக்கிறது.

மீண்டும் படகுத்துறைக்கு

தொடங்கிய இடத்துக்கு வருவோம். நிலவின் ஈர்ப்பும் கதிரவனின் ஈர்ப்பும் சேர்ந்து கடல்மட்டத்தை ஒரு நாளில் ஏறத்தாழ இருமுறை உயர்த்தித் தாழ்த்துகின்றன. அமாவாசை, முழுநிலவு நாள்களை ஒட்டி இந்த ஏற்ற இறக்கம் மிகுதியாக இருக்கும். மட்டம் மிகத் தாழும்போது படகு தரைதட்டும் என்பதால் போக்குவரத்தை நிறுத்துகிறார்கள். இந்த இறக்கத்துக்கு ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆகும். பின் அதே அளவு நேரத்தில் மட்டம் ஏறும்.

இதைப் 'பின்வாங்கியது' என்பது உருவகம். பின்வாங்குதலுக்கு முன்வந்த ஒருவரும், மனம் மாறிய ஒரு காரணமும் வேண்டும்; படை பின்வாங்கும், வாக்குக் கொடுத்தவர் பின்வாங்குவார். 'உள்வாங்கியது' என்ற சொல்லோ பஞ்சு நீரை உள்வாங்குவதிலும் மாணவர் பாடத்தை உள்வாங்குவதிலும் இருக்கும் அதே சொல்தான்: தனக்குள் இழுத்துக்கொள்ளுதல். கரையில் நிற்பவருக்குக் கடல் தன் நீரைத் தானே இழுத்துக்கொண்டதாகத் தோன்றுவதால், வழக்கில் நன்றாக வேரூன்றிவிட்ட சொல் அது. பிழை என்று ஒதுக்க முடியாது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை மணக்குடிப் பாலத்தையே அடித்துக்கொண்டு போனது. குளச்சலிலும் அண்டை ஊர்களிலும் அன்றைய நாளை மறந்தவர் இல்லை. ஆழிப்பேரலையின் தாழ்ந்த பகுதி முதலில் கரையை அடைந்தால், கடல் சில நிமிடங்களுக்குள் வழக்கமான எல்லையைத் தாண்டி விலகி, தரையையும் பாறைகளையும் வெளிக்காட்டும். ஆறு மணி நேரத்தில் நிகழும் அன்றாட இறக்கத்துக்கும், சில நிமிடங்களில் நிகழும் அந்த விலகலுக்கும் ஒரே வினையைப் பயன்படுத்தினால், படிப்பவர் எதற்கு அஞ்சுவது, எதற்கு அஞ்சாமல் இருப்பது?

உள்வாங்குதலை வழக்கத்துக்கு மாறான, விரைவான விலகலுக்கு ஒதுக்கிவைத்துவிட்டு, படகுத்துறைச் செய்திகளுக்கு 'நீர்மட்டம் தாழ்ந்தது' என்று எழுதுவதே சரி என்பது என் முடிவு. அப்படி எழுதினால், பாறைக்குப் போக வரிசையில் நிற்பவர் படகு எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று கேட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போவார். மணக்குடியில் அந்தச் செய்தியைப் படிப்பவர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டை நோக்கி ஓட வேண்டியிருக்காது.